ஓகே கொடுக்க முடியாத மனிதர்

போன மாதம் ராபர்ட்சன்பேட்டையில் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம். மேடைக்குப் பக்கத்தில் ஆள் உயரத்துக்குத் திரை வைத்து, பெண்ணும் மாப்பிள்ளையும் எடுத்துக்கொண்ட படங்களை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். திரையின் நடுவில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி. ஏதோ ஒரு கோப்பைக் காணவில்லை என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. படங்கள் பின்னால் மாறிக்கொண்டே இருந்தன. பெட்டி மட்டும் பெண்ணின் நெற்றியிலிருந்து மூக்கு வரை மறைத்துக்கொண்டு அசையாமல் நின்றது.

நூற்றுக்கணக்கான பேர் அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடப் போனார்கள். என்னால் முடியவில்லை. திரையை இயக்குபவரைத் தேடிப் போனேன். முப்பது வயதிருக்கும்.

"சார், அந்தப் பெட்டி வைரஸ் எடுத்தப்போ தங்கிப்போன மிச்சம். ஸ்டார்ட்அப்ல அதோட பேரு இன்னும் கீது. அத எடுத்துடுங்க."

"அது ஒண்ணும் பண்ணாது ஆன்ட்டி. ஓகே குடுத்தா போயிடும்" என்று சொல்லி ஓகே கொடுத்தார். போய்விட்டது.

"மறுபடி ஆன் பண்ணா வருமே?"

"வந்தா மறுபடி ஓகே" என்று சிரித்தார்.

தப்பில்லை. பெரும்பாலானவர்களுக்கு அது அவ்வளவுதான். ஆனாலும் பந்தியில் உட்கார்ந்து இலையில் விழுந்ததை என்னவென்று பார்க்காமலே சாப்பிட்டுவிட்டு எழுந்தேன். கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் வேலையை விட்டு வந்த பிறகும் இப்படித்தான். எங்கே ஒரு திரையில் பெட்டியைப் பார்த்தாலும் கை பரபரக்கிறது. நான் வேலை பார்த்த கடையில் இன்னும் இருக்கும் பிள்ளைகள், "ஃபார்மட் அடிச்சா சீக்கிரமா முடியற வேலைக்கு நீங்கள்லாம் ஏங்க்கா நாள் முழுக்கக் குந்தினீங்க?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் இங்கே தங்கச் சுரங்கக் கம்பெனி அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்தவள். சுரங்கம் மூடியதும் எல்லோரையும் போல நானும் தெருவில் நின்றேன். பாதிப் பேர் விடியற்காலை ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகத் தொடங்கினார்கள். எனக்கு அந்த ரயில் ஒத்துவரவில்லை. டைப்ரைட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்து பழகிய கை என்பதால், கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் படிப்பு ஒன்றில் சேர்ந்தேன். பிறகு தேவராஜ் சாரின் சர்வீஸ் கடையில் வேலை கிடைத்தது. படித்த கதை அவ்வளவுதான். மீதியெல்லாம் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு கற்றது.

தேவராஜ் சார் சுரங்கத்தில் எலக்ட்ரிக்கல் ஃபோர்மேனாக இருந்தவர். ஒல்லி. குரல் மட்டும் சத்தமான இடத்தில் பழகிய குரல். பக்கத்தில் இருப்பவரிடமும் கத்தித்தான் பேசுவார். சுரங்கத்தில் ஒருவன் உள்ளே வேலை செய்யும்போது மேலே சுவிட்சில் ஒரு அட்டை தொங்கும். அதை மாட்டியவன் திரும்பி வந்து எடுக்கும்வரை வேறு யாரும் அந்த சுவிட்சைத் தொடக் கூடாது. அந்தப் பழக்கத்தைக் கடைக்கும் கொண்டுவந்திருந்தார். நாங்கள் ஒரு மெஷினைத் திறந்தால் அதன்மேல் 'ஆள் உள்ளே' என்று எழுதிய அட்டையை மாட்ட வேண்டும். மாட்டாமல் திறந்தால் அன்று முழுக்க அர்ச்சனைதான்.

அவருடைய இன்னொரு பிடிவாதம், திரையில் இருப்பதை எழுத்து விடாமல் படிப்பது. வாடிக்கையாளர் வந்து "என்னமோ எரர் வருதுங்க" என்றால் விடமாட்டார்.

"என்னமோன்னு ஒரு எரர் கிடையாதுங்க. என்ன எழுதியிருக்குது? அதச் சொல்லுங்க."

அது பென்டிரைவ் வைரஸ்களின் காலம். ஒருவர் பாட்டு கொண்டுவந்து போட்டால் தெருவில் உள்ள மெஷினெல்லாம் படுத்துக்கொள்ளும். வைரஸை அழிக்கிற மென்பொருள் அதன் கோப்பை அழித்துவிடும். ஆனால் வைரஸ் உள்ளே வந்தவுடன் செய்த வேலை ஒன்று இருக்கும். கம்ப்யூட்டர் எழும்போதெல்லாம் தன்னைக் கூப்பிடும்படி விண்டோஸுக்குள் சொல்லி வைத்திருக்கும். கோப்பு போய்விடும், சொல்லி வைத்தது போகாது. வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனவர் பெயருக்குத் தபால் வந்துகொண்டே இருப்பது மாதிரி. விண்டோஸ் தினமும் அந்தப் பெயரைக் கூப்பிடும், ஆளைக் காணாது, காணவில்லை என்று பெட்டி போட்டுச் சொல்லும்.

எங்கள் முறை இதுதான். பெட்டியில் இருக்கும் பெயரை முதலில் குறித்துக்கொள்வது. பிறகு, எழும்போது யார் யாரையெல்லாம் விண்டோஸ் கூப்பிடுகிறது என்று ரெஜிஸ்ட்ரி என்ற அதன் உள்பதிவேட்டில் தேடுவது. கை வைக்கும் முன் அந்தப் பகுதியைப் பிரதி எடுத்து வைப்பது. அந்த ஒரு வரியை மட்டும் நீக்குவது. பிறகு அணைத்து எழுப்பி, மறுபடி அணைத்து எழுப்பிப் பார்ப்பது. நான் பொறுமையில்லாதவள். ஒரு தடவை எழுந்தாலே மூடி அனுப்பப் பார்ப்பேன். "மறுபடி எழுப்பு" என்று பின்னாலிருந்து குரல் வரும்.

ஒருநாள் கடையைத் திறந்த வேகத்தில் அமுதா வந்து நின்றாள். பெங்களூரில் ஒரு கம்பெனியில் கணக்கு வேலை பார்க்கிற பெண். வழக்கமாக ரயிலில் இருக்க வேண்டிய நேரம். தலை கூட வாரவில்லை.

"மெஷின் எங்கம்மா?" என்று கேட்டேன்.

"கொண்டாரலக்கா. கொண்டாந்துட்டா அப்பா பேச முடியாது."

எனக்குப் புரியவில்லை. உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தோம். பிறகு சொன்னாள்.

அவளுடைய அப்பா முனிரத்தினம், நந்திதுர்க் சுரங்கத்தில் வைண்டிங் இன்ஜின் டிரைவர். சாஃப்ட் என்ற செங்குத்துக் குழிக்குள் ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டை, கேஜை, மேலே உட்கார்ந்து இயக்கியவர். சுரங்கம் மூடிய பிறகு நரம்புகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்துபோகும் நோய் வந்தது. முதலில் கால், பிறகு கை, கடைசியில் நாக்கு. குரல் போவதற்கு முன்பே பெங்களூர் மருத்துவர் ஒருவர் யோசனை சொல்லி, அவருடைய குரலிலேயே அன்றாடம் தேவைப்படும் வார்த்தைகளைப் பதிவு செய்து ஒரு கம்ப்யூட்டர் நிரலில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். திரையில் கட்டம் கட்டமாக இருக்கும். வெளிச்சம் ஒரு கட்டத்திலிருந்து இன்னொன்றுக்குத் தானாக நகர்ந்துகொண்டே இருக்கும். நகரும்போது அந்தக் கட்டத்தின் வார்த்தை முணுமுணுப்பாகக் கேட்கும். வேண்டிய இடம் வந்ததும் வலது கட்டைவிரலுக்கு அடியில் இருக்கும் பொத்தானை அழுத்தினால் ஸ்பீக்கரில் உரக்கச் சொல்லும். அந்தக் கட்டைவிரல் ஒன்றுதான் அவரிடம் மிச்சம்.

சொந்தக்காரர் ஒருவர் பென்டிரைவில் சாமி பாட்டு கொண்டுவந்து போட்டதில் வைரஸ் வந்தது. வேறொரு கடையில் அதை அழித்துக் கொடுத்தார்கள். அதன் பிறகு எழும்போதெல்லாம் காணவில்லை பெட்டி. "ஓகே குடுத்தா போயிடும்" என்று அங்கே சொல்லிவிட்டார்கள்.

"நான் வீட்ல இருந்தா குடுத்துடுவேன்க்கா. பகல்ல கரண்ட் போயி வந்தா? மெஷின் தானா எழுந்துக்குது, பெட்டி வந்து நிக்குது. அத மூடுற வரைக்கும் அப்பாவோட புரோகிராம் பின்னாடியே நிக்குது. பட்டன அமுக்கினா அதுக்குப் போய்ச் சேரல. யூபிஎஸ் பேட்டரியும் செத்துப்போச்சு."

முந்தின நாள் பகலில் அப்படித்தான் மின்சாரம் போய் வந்திருக்கிறது. அவருக்குத் தொண்டையில் சளி அடைத்திருக்கிறது. 'யாராச்சும் வாங்க' என்று ஒரு கட்டம் உண்டு. அதை அழுத்தினால் அடுத்த வீட்டுக் கன்னியம்மா ஓடிவருவார். அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறார். பெட்டி அசையவில்லை. கன்னியம்மா ஏதோ கறிவேப்பிலை கேட்க வந்து எட்டிப் பார்த்திருக்கிறார். அப்போது உதடெல்லாம் நீலம்.

"புரட்டிப் போட்டு முதுகுல தட்டி, எப்படியோ மூச்சு வந்துச்சுக்கா" என்றாள் அமுதா.

தேவராஜ் சார் பையை எடுத்தார். "கோமதி, விண்டோஸ் எக்ஸ்பி சிடி எடுத்துக்கோ. நாம போவோம்."

நந்திதுர்க்கில் சுரங்கத் தொழிலாளர் வரிசை வீடு. கட்டிலைச் சற்று உயர்த்தி வைத்திருந்தார்கள். முனிரத்தினம் அண்ணா தலையணையில் சாய்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்து அசையாது. கண்கள் மட்டும் எங்களைத் தொடர்ந்து வந்தன. தேவராஜ் சார் அவரருகே போய், வழக்கமான கத்தல் இல்லாமல் பேசினார். அவருக்கு மெதுவாகப் பேசத் தெரியும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

"அண்ணே, மெஷின இப்ப அணைக்கப் போறோம். வேலை முடியற வரைக்கும் உங்களால பேச முடியாது. சரின்னா கண்ண மூடுங்க."

அவர் கண்ணை மூடித் திறந்தார்.

ஃபார்மட் செய்யும் பேச்சே இல்லை. அந்த நிரலைப் போட்டுக் கொடுத்தவர் வெளிநாடு போய்விட்டார். அதன் சிடி யாரிடமும் இல்லை. அழித்தால் கட்டங்களும் போகும், குரலும் போகும். முதல் வேலையாக, பதிவு செய்த கோப்புகளைப் பிரதி எடுத்துக்கொண்டோம். பிறகு பெட்டியில் இருந்த பெயரைக் குறித்துக்கொண்டு ரெஜிஸ்ட்ரியில் தேடினேன். சுலபமாகக் கிடைத்தது. நீக்கினேன். மெஷினை எழுப்பினேன். பெட்டி வரவில்லை. அமுதா கையெடுத்துக் கும்பிட்டாள்.

"மறுபடி எழுப்பு" என்றார் சார்.

திரையின் மூலையில் வைரஸ் அழிக்கும் மென்பொருளின் சின்ன ஜன்னல் ஒன்று வந்தது. ஏதோ ஒரு கோப்பைக் கண்டுபிடித்து நீக்கிவிட்டதாகச் சொல்லிவிட்டு, நான் முழுதாகப் படிப்பதற்குள் மறைந்தது. மெஷின் அணைந்து எழுந்தது. நல்வரவு என்றது. உடனே வெளியேறுகிறது என்றது. மறுபடி நல்வரவு, மறுபடி வெளியேற்றம். உள்ளே விடவே இல்லை.

இது பெட்டியைவிட மோசம். பெட்டி நின்றாலும் விண்டோஸுக்குள் போகலாம். இப்போது வாசலிலேயே திருப்பி அனுப்புகிறது. எனக்கு இது எதனால் என்று தெரியும். நாம் உள்ளே நுழையும்போது விண்டோஸ் 'யூசர்இனிட்' என்ற ஒரு கோப்பைக் கூப்பிடும். நம்மைக் கைபிடித்து உள்ளே அழைத்துப் போவது அதுதான். அது இல்லாவிட்டால் இப்படித்தான் சுற்றும். மூலையில் வந்த ஜன்னலிலும் அந்தப் பெயரைத்தான் பார்த்ததாக ஞாபகம்.

"சார், யூசர்இனிட்ட அழிச்சிடுச்சு. சிடியில இருந்து எடுத்துப் போட்டுடலாம்."

சிடியில் எழுப்பி, கறுப்புத் திரையில் கட்டளை அடித்து, கோப்பை அதன் இடத்தில் போட்டோம். எழுப்பினோம். நல்வரவு. வெளியேற்றம்.

மறுபடி போட்டேன். அதே சுற்று. கட்டிலிலிருந்து மூச்சுச் சத்தம் கேட்டது. ஒவ்வொரு மூச்சுக்கும் திரும்பிப் பார்த்தேன். அவருக்கு இப்போது சளி அடைத்தால் யாரைக் கூப்பிடுவார் என்று மனம் அடித்துக்கொண்டது. எட்டிப் பார்க்க வந்த கன்னியம்மாவோடு சேர்த்து நாங்கள் நான்கு பேர் அங்கேயே இருக்கிறோம் என்பதுகூட அந்த நேரத்தில் உறைக்கவில்லை.

சார் நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைத் தேய்த்தார். "நெஜ யூசர்இனிட் அங்கதான் கீது. அப்புறமும் உள்ள விடலன்னா, விண்டோஸ் வேற எதையோ கூப்பிடுது. வைரஸ் அந்த எடத்துல தன் பேர எழுதி வெச்சிருக்கும். அந்தப் பேரு இன்னான்னு தெரிஞ்சா, நல்ல கோப்பையே அந்தப் பேருல நகல் போட்டு உள்ள பூந்துடலாம். பேரு தெரியலியே." மெஷினின் பின்பக்கத்தை எட்டிப் பார்த்து, "டிஸ்க்க கழட்டி கடைக்கு எடுத்துப்போய் வேற மெஷின்ல மாட்டித்தான் பார்க்கணும்" என்றார்.

"எவ்ளோ நேரமாவும் சார்?" என்றாள் அமுதா.

"சொல்ல முடியாதும்மா."

வாசலில் நின்றிருந்த கன்னியம்மா திடீரென்று, "ஏ அமுதா, உங்கப்பாவப் பாரு" என்றார்.

முனிரத்தினம் அண்ணா கண்களை இறுக்கி மூடினார். திறந்தார். மூடினார். திறந்தார். வலியோ என்று அமுதா ஓடினாள். தண்ணீரா, திருப்பிப் படுக்க வைக்கவா என்று கேட்டாள். எதற்கும் 'ஆமாம்' இல்லை. அவர் பார்வை திரையின் கீழ் மூலைக்குப் போய், என்னிடம் வந்து, மறுபடி மூலைக்குப் போனது. அந்தச் சின்ன ஜன்னல் வந்து மறைந்த மூலை.

எனக்குச் சட்டென்று உறைத்தது. அந்த ஜன்னல் இன்றுதான் முதல் தடவை வந்தது என்று யார் சொன்னது? இன்று நீக்கிய கோப்பை, இத்தனை நாளும் நீக்க முடியாமல் கண்டுபிடித்ததாக மட்டும் அது சொல்லியிருக்கலாம். அவர் நாள் முழுக்க அந்தத் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"அண்ணா, அந்த மூலையில வர்ற பேர முன்னாடியே பார்த்திருக்கீங்களா?"

கண்ணை மூடினார்.

"அடிக்கடி வருமா?"

மூடினார்.

"எழுத்து ஞாபகம் இருக்கா?"

மூடியவர், திறக்கச் சற்று நேரம் எடுத்துக்கொண்டார். அமுதாவுக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை நாளும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதைச் சொல்ல அவரிடம் ஒரு கட்டம் இல்லை, இருந்த கட்டங்கள்மேலும் அந்தப் பெட்டி வந்து வந்து உட்கார்ந்திருக்கிறது.

நான் கட்டிலருகே தரையில் குந்தினேன். ஏ, பி, சி என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். யூ வந்ததும் கண்ணை மூடினார். மறுபடி முதலிலிருந்து. எஸ். மறுபடி. ஈ. மறுபடி. ஆர். நான் நினைத்த பெயரேதான் வருகிறதே என்று அலுப்பாக இருந்தது. அடுத்தது ஐ. அங்கே நிறுத்திக் காத்திருந்தேன். அவர் கண் அசையவில்லை.

"ஐ-தானே அண்ணா?"

திறந்த கண் என்னையே பார்த்தது. இசட் வரைக்கும் போனேன். ஒன்றுமில்லை. மறுபடியும் போனேன். அவருக்குக் களைப்பாக இருக்கிறது, மறந்துவிட்டது என்று நினைத்து சாரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் எழுந்து பக்கத்தில் வந்துவிட்டிருந்தார்.

"எழுத்து இல்ல கோமதி. நம்பர் சொல்லு."

"ஒண்ணு" என்றேன்.

முனிரத்தினம் அண்ணா கண்ணை மூடினார்.

ஐ இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று. மேலோட்டமாகப் பார்த்தால் அசல் பெயர் போலவே இருக்கும். நானும் அப்படித்தான் ஏமாந்தேன். மிச்ச எழுத்துகளையும் கேட்டு முடித்தோம். சார் கறுப்புத் திரையில் அந்தப் பெயரை அடித்தார். நல்ல கோப்பை எடுத்து, அந்தக் கள்ளப் பெயரில் ஒரு நகல் போட்டார். எழுப்பினார். நல்வரவு. திரை நிறம் மாறியது. உள்ளே விட்டது.

பிறகு ரெஜிஸ்ட்ரியில் அந்த வரியைத் தேடிக் கள்ளப் பெயரை எடுத்துவிட்டு அசல் பெயரை எழுதினோம். போட்ட நகலை அழித்தோம். சார் என்னிடம், "எழுப்பு" என்றார். எழுந்தது. "மறுபடி." எழுந்தது. பிறகு அவரே போய்ச் சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கினார். அமுதா "ஐயோ" என்றாள். திரும்பச் சொருகினார். மின்சாரம் வந்ததும் மெஷின் தானாக எழுந்தது. பெட்டி எதுவும் வரவில்லை. கட்டங்கள் வந்தன. வெளிச்சம் நகரத் தொடங்கியது.

முனிரத்தினம் அண்ணாவின் கட்டைவிரல் அழுந்தியது.

"தண்ணி குடு" என்றது ஸ்பீக்கர். கனமான, திடமான குரல். அந்த உடம்புக்குள்ளிருந்து அப்படி ஒரு குரலை நான் எதிர்பார்க்கவில்லை.

அமுதா சமையலறைக்கு ஓடித் தண்ணீர் கொண்டுவந்தாள். அவர் குடிக்கவில்லை. "ஃபேன் போடு" என்றார். போட்டாள். "ஃபேன் நிறுத்து." நிறுத்தினாள். "வலிக்குது." பதறிப்போய், "எங்கப்பா, எங்க?" என்று காலைத் தொட்டாள். "போதும்." "யாராச்சும் வாங்க." கன்னியம்மா வாசலிலிருந்து உள்ளே வந்து, "இங்கதான் கீறேன், இன்னா வேணும்?" என்றார். அதற்குள் அவர் அடுத்த கட்டத்துக்குப் போயிருந்தார்.

அமுதா சொம்பும் கையுமாக நடுவீட்டில் நின்றாள். "என்னப்பா உனக்கு இப்ப?"

தேவராஜ் சார் சிரிக்க ஆரம்பித்தார். "விடும்மா. ஷிஃப்ட்டுக்கு ஆளு ஏறறதுக்கு முன்னாடி காலி கேஜ ஒரு தடவ எறக்கி ஏத்திப் பார்ப்பாங்க. டிரைவருங்க பழக்கம். எல்லாக் கட்டமும் கீதான்னு பார்க்குறாரு."

அவர் ஒரு கட்டம் விடாமல் எல்லாவற்றையும் அழுத்தினார். நாங்கள் உட்கார்ந்து கேட்டோம். கடைசிக் கட்டத்தில், "அமுதா, சாப்ட்டியா?" என்று கேட்டது. அவள் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. அந்த ஒன்றுக்கு மட்டும் அவர் பதிலுக்காக அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன்பின் நான் எந்த வாடிக்கையாளரிடமும், 'என்ன எரர்?' என்று கேட்கும் முன்னால், 'இந்த மெஷினுக்கு முன்னாடி உட்கார்றது யாரு?' என்று கேட்கப் பழகினேன். சிலர் முறைப்பார்கள். கேட்காவிட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது. கடையில் புது பேட்டரி வந்ததும் முதலில் நந்திதுர்க்குக்குத்தான் ஒன்று போனது. ஆனாலும் எங்கள் தெருவில் மின்சாரம் போகும்போதெல்லாம் அந்த வீட்டை நினைத்துக்கொள்வேன். பல தடவை கன்னியம்மாவுக்குப் போன் செய்து கேட்டிருக்கிறேன். "நல்லா பேசிக்கினுதான் கீறாரு, வைம்மா போன" என்பார்.

முனிரத்தினம் அண்ணா அதற்குப் பிறகும் சில வருடங்கள் இருந்தார். மழைக்காலம் ஒன்றில், மகள் பக்கத்தில் இருக்கும்போது, தூக்கத்திலேயே போனார்.

காரியமெல்லாம் முடிந்து கொஞ்ச நாள் கழித்து அமுதா கூப்பிட்டாள். வீட்டிலிருந்து செய்யும் வேலைக்கு அந்த மெஷினையே வைத்துக்கொண்டிருக்கிறாளாம். "ஸ்டார்ட்அப்ல ஒரு பிரச்சினக்கா" என்றாள்.

போனேன். கட்டில் இருந்த இடத்தில் மேசை போட்டிருந்தாள். மெஷினைப் போட்டுக் காட்டினாள். எழுந்தது. கட்டங்கள் வந்தன. வெளிச்சம் நகர்ந்தது. யாரும் பொத்தானை அழுத்தவில்லை என்பதால் அது பாட்டுக்கு முணுமுணுத்துக்கொண்டே போனது. தண்ணி குடு. ஃபேன் போடு. வலிக்குது. யாராச்சும் வாங்க. அமுதா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தெனமும் காலைல இப்படித்தான்க்கா. எதிர்ல குந்தி வேல பாக்க முடியல."

"அன்இன்ஸ்டால் பண்ணிடட்டுமா?"

"அய்யோ, வேணாம்." வேகமாகத் திரும்பினாள். "எடுக்க வேணாம்க்கா. அதுவா தொறக்காம இருந்தா போதும். நான் தொறந்தா தொறக்கட்டும்."

எழும்போது கூப்பிட வேண்டியவற்றின் வரிசையில் அந்த நிரலின் பெயருக்கு எதிரே இருந்த குறியை எடுத்தேன். மெஷினை அணைத்து எழுப்பினேன். ஒரு சத்தமும் இல்லை. வெறும் நீலத் திரை, ஓரத்தில் நாலைந்து ஐகான்கள். வாழ்க்கை முழுக்க அப்படி ஒரு சுத்தமான திரையைக் கொண்டுவரத்தான் பாடுபட்டிருக்கிறேன். அன்று அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"டீ போடறேன், இருங்கக்கா" என்று சொன்ன அமுதா சமையலறைக்குப் போகவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். மவுஸை எடுத்து, அப்பாவின் நிரலைத் தானே திறந்தாள். வெளிச்சம் நகர்ந்து நகர்ந்து கடைசிக் கட்டத்துக்கு வரும்வரை காத்திருந்து, மேசையோரம் இருந்த அப்பாவின் பொத்தானை அழுத்தினாள்.

"அமுதா, சாப்ட்டியா?"

"ம்ம், சாப்ட்டேன்ப்பா" என்றாள்.